பெரட்டுக் களத்துக் கண் மருந்து

மடவளை,
1874 நவம்பர் 9, திங்கள்.

மயில்வாகனம் அவர்களுக்கு லீதியாள் எழுதுவது.

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனமில்லை. நானும் பிள்ளையும் எங்கே போனோம் என்று ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாய் ஆள் விட்டுத் தேட வேண்டாம். உங்கள் தோட்டத்துக்குப் பொதிமாடுகளில் அரிசி கொண்டுவந்து கோப்பி ஏற்றிப் போகிற மஹ்மூத் நானாவின் வீட்டில் இருக்கிறோம். சனிக்கிழமை அவருடைய மாடுகள் இறங்கினபோது நானும் பின்னாலே இறங்கினேன். வத்தேகம மட்டுக்கும் ரூத்தை நான் சுமந்தேன், மிச்சத் தூரம் நானா சுமந்தார். அவருடைய மனைவி உம்மு குல்சும் ராத்தா, நெல் மூட்டை கிடந்த அறையை ஒழித்துத் தந்திருக்கிறா. பிள்ளை உறங்கின பிறகுதான் எழுதக் கை கிடைத்தது.

ஏன் போனாய் என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை காலை, ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். உங்களுக்கு மட்டும் சொல்லித்தர வேணும்.

தோட்டத்து மருந்துப் பெட்டிப் பூட்டின் திறப்பைத் துரை கிளாக்கரான உங்களிடம் தந்திருக்கிறார். கண்ணோய்க்காரரைப் பெரட்டில் வரிசையாய் நிறுத்தி, மயில்துத்தம் கரைத்த தண்ணீரை ஆளாளுக்குக் கண்ணில் விடுவது உங்கள் வழக்கம். விடுங்கோ. அவர்களுடைய கண் சிவந்து, பூளை தள்ளி, ஓயாமல் நீர் வடிகிற கண். அந்த வரிசையின் கடைசியில் எங்கள் மூன்று வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினீர்களே, அவளுடைய கண்ணில் எங்கே நீர் வடிந்தது? சின்னமுத்து அம்மை மாறின நாளிலிருந்து அந்தக் கண் காய்ந்து கிடக்கிறது. கருவிழியில் பளபளப்பு இல்லை, மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி மங்கியிருக்கிறது. "கண்ணுக்கை மண் கிடக்கு அம்மா" என்று தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லவில்லையா? சொன்னேன். "கண்ணோய் எண்டால் கண்ணோய்தான். கிளாக்கரின்ரை பிள்ளைக்கு வேறை மருந்தோ எண்டு ஆட்கள் கேப்பினம்" என்றீர்கள்.

கங்காணி பொன்னையா தலையைப் பிடிக்க, நீங்கள் இமையை விரித்தீர்கள். அவள் கத்தினது கோப்பி ஸ்டோர் மட்டுக்கும் கேட்டது. நான் பறித்தெடுத்துக் கன்னத்தைத் துடைத்தேன். சேலைத் தலைப்பில் துத்தத்தின் நீலம்தான் வந்தது. அவ்வளவு அழுதவளிடம் கண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

ஆட்கள் கேட்பார்கள் என்று பயந்தீர்கள். நான் கேட்பேன் என்று பயப்படவில்லை.

வியாழக்கிழமை மாடுகள் மேலே வரும். பதில் இருந்தால் நானாவிடம் கொடுத்து விடுங்கோ.

லீதியாள்


வத்தேகமவுக்கு மேல், தோட்டம்,
1874 நவம்பர் 12.

லீதியாளுக்கு,

உம்முடைய கடிதத்தை மஹ்மூத் என் கையில் தந்தபோது துரையும் பக்கத்தில் நின்றார். "கிளாக்கர், உன் மனைவி எங்கே" என்று கேட்டார். கண்டியில் உறவுக்காரர் வீட்டுக்கு என்று பொய் சொன்னேன். கங்காணி பொன்னையா குனிந்து சிரித்தான். இந்தத் தோட்டத்தில் என்னைப் பார்த்து ஒரு கங்காணி சிரித்தது இதுதான் முதல் தடவை. அதை நீர் எனக்குச் சம்பாதித்துத் தந்தீர்.

இது பழம் பறிக்கிற காலம். கூடைக் கணக்கும் காயப்போடுகிற களமும் ஸ்டோரும் என் தலையில் கிடக்கின்றன. ஒரு நாள் லீவு கேட்டாலும் துரை தரமாட்டார் என்று தெரிந்து, அந்த நேரம் பார்த்து இறங்கிப் போயிருக்கிறீர்.

துத்தத் தண்ணீரைப் பற்றி, போடிங் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்து அங்கேயே படிப்பித்த நீர் எனக்குப் பாடம் எடுக்கிறீர். அந்தத் தண்ணீரால் யார் யாருடைய கண் தெளிந்தது என்று பேச்சியம்மாவைக் கேளும், வேலாயியைக் கேளும். எரிந்தால்தான் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம். பிள்ளை கத்துகிறது என்று விட்டால் பேதி மருந்தும் கொடுக்க ஏலாது.

அம்மாவின் கடிதம் மறுபடி வந்திருக்கிறது. சின்னமுத்தின் சூடு உடம்பில் அடங்கவில்லை, அதுதான் கண்ணால் வெளிக்கிடுகிறது என்கிறா. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்ட வேணும், பிள்ளை பெற்றவள் ஒருத்தியின் முலைப்பால் விட வேணும். எல்லாவற்றிலும் பெரிது பத்தியம். கஞ்சியும் சுட்ட உப்பும் தவிர முட்டை, நெய், கீரை, மச்சம் ஒன்றும் வாயில் படக்கூடாது. நாங்கள் ஞானஸ்நானம் எடுத்த பிறகும் எங்கள் வீட்டுச் சட்டியில் மீன், இறைச்சி என்று மச்சம் ஏறினதில்லை. நீர் இப்போது இருக்கிற வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆகையால் முடிவு இது. மூத்தண்ணை கண்டியில் புகையிலை விற்றுவிட்டு வண்டியோடு யாழ்ப்பாணம் திரும்புகிறார். 28ஆம் திகதி சனிக்கிழமை மடவளைக்கு வருவார். பிள்ளையை அவரோடு அம்மாவிடம் அனுப்பும். அம்மா பார்த்துக்கொள்ளுவா. நீரும் போகலாம், போகாமலும் விடலாம்.

மயில்வாகனம்

பிள்ளை என்னைக் கேட்டாளா?


மடவளை,
1874 நவம்பர் 17, செவ்வாய்.

கேட்டாள். "அப்பா தண்ணி விட வருவாரோ" என்று கேட்டாள். வரமாட்டார் என்று சொன்ன பிறகுதான் சாப்பிட வாய் திறந்தாள்.

நேற்று நானாவின் வண்டியில் கண்டிக்குப் போய், கண் பார்க்கிற பறங்கி டாக்டர் ஒருவரிடம் காட்டினேன். நான் இங்கிலீஷில் கேட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லைப் போல, தமிழிலேயே பதில் சொன்னார். ரூத்தின் கண் வெள்ளையில் சவர்க்கார நுரை காய்ந்தது மாதிரி ஒரு திட்டு இருக்கிறது. நான் பூளை என்று துடைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். அதைப் பார்த்ததும், "பொழுது பட்டால் பிள்ளைக்குக் கண் தெரியாது என்ன?" என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் கோப்பையைத் தடவுகிறதும், கதவு நிலையில் முட்டுகிறதும் வேணுமென்று செய்கிற குழப்படி என்றல்லவா நினைத்தோம். முட்டினதற்கு நீங்கள் அடித்தீர்கள். "பார்த்து நட" என்று சொல்லிச் சொல்லி அடித்தீர்கள். பார்க்க அவளிடம் என்ன இருந்தது?

"சின்னமுத்துக்குப் பிறகு என்ன சாப்பாடு?" என்றார் டாக்டர்.

"கஞ்சி."

"வேற?"

"சுட்ட உப்பு."

"எவ்வளவு காலமா?"

ஆவணியிலிருந்து என்றேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளையைப் பட்டினி போட்டிட்டுக் கண்ணுக்கு மருந்து கேட்டு வந்திருக்கிறாய்" என்றார். வாசலில் நின்ற ஆட்களெல்லாம் கேட்க ஏசினார். என்னிடம் பதில் இருந்தது, அதை விழுங்கினேன். பிள்ளையின் இமை அவருடைய விரலில் இருந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். துத்தம் அந்தக் கண்ணுக்கு நஞ்சு, இனித் தொடக்கூடாது. கொதித்தாறின தண்ணீரால் கழுவி, சுத்தமான ஆமணக்கெண்ணெய் ஒரு துளி காலையும் மாலையும் விடலாம். அது உலர்வுக்கு ஆறுதல் மட்டும், குணப்படுத்தாது. அடுப்புப் புகையும் களத்துத் தூசியும் படக்கூடாது. குணம் வாய் வழியாகத்தான் போக வேணுமாம். ஆட்டு ஈரல், முட்டை மஞ்சள் கரு, வெண்ணெய், கீரை, தினமும் ஒரு கரண்டி மீனெண்ணெய். உங்கள் அம்மா சொன்ன முலைப்பால் வைத்தியத்தையும் கேட்டேன், இல்லாவிட்டால் கேட்காமல் விட்டேன் என்று நாளைக்குச் சொல்லுவீர்கள். "கண்ணில ஊத்தாமல் வாயில குடுத்தால் ஏதாவது பிரயோசனம்" என்றார்.

இடது கண் தப்பும் என்றார். வலது கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தரம் கேட்டேன். "முதலில போய் ஈரலைக் குடு" என்றார்.

ராத்தா இன்றைக்கு ஈரல் வாட்டித் தந்தா. முதல் துண்டை ரூத் துப்பிவிட்டாள். அடுத்ததைத் தானே கை நீட்டி எடுத்தாள். ஓம், மச்சம்தான். ஓம், அவர்களுடைய சட்டியில்தான். உங்கள் அம்மாவுக்கு ஒரு சொல் விடாமல் எழுதுங்கோ. 28ஆம் திகதி வருகிற வண்டி வெறும் வண்டியாய்த்தான் போகும்.

லீதியாள்


தோட்டம்,
1874 நவம்பர் 20.

லீதியாளுக்கு,

சாப்பாட்டால் கண் திறக்கும் என்று நான் இன்றுவரை கேள்விப்பட்டதில்லை. மீனெண்ணெய் சூடு. ஈரல் அதைவிடச் சூடு. சூட்டால் வந்த கண் வருத்தத்துக்குச் சூட்டையே கொடுக்கச் சொல்லுகிற டாக்டர், நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று நடந்தால் மடவளைக்கு வந்து நிற்பாரா?

பட்டினி போட்டதாக ஏசினாராம். அம்மா எழுதினா, நான் வாசித்துச் சொன்னேன், சரி. அகப்பை யாருடைய கையில் இருந்தது? மூன்று மாதம் கஞ்சி காய்ச்சினவர் நீர். படித்தவர் நீர். அப்போது ஒரு நாளாவது, "இது பிழை" என்று சொன்னீரா? இப்போது நான் மட்டும் கொலைகாரன்.

அடித்தது கதவில் முட்டினதற்கு இல்லை, சொல் கேளாததற்கு. அதுவும் பலமாக இல்லை. அவளுக்குக் கண் தெரியாதென்று எனக்கு எப்படித் தெரியும்?

மூத்தண்ணை வருவார். பிள்ளையை அனுப்பும். இனி இதைப் பற்றி எழுத எனக்கு நேரமில்லை.

வேறு ஒரு விஷயம். நுரை மாதிரி ஒரு திட்டு என்று எழுதினீர். அது கருவிழிக்கு எந்தப் பக்கம், மூக்குப் பக்கமா, காதுப் பக்கமா? லயத்து மூக்காயியின் சின்ன மகள் பாலம்மாவின் கண்ணில் அது மாதிரி ஒன்று கிடக்கிறது. போன மாதம் லயத்தில் சின்னமுத்துப் பரவினபோது அவளுக்கும் வந்தது. பெரட்டில் அவளுக்கும் துத்தம் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பத்தியமும் சொல்லியிருக்கிறேன். நம்முடைய வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

மயில்வாகனம்


மடவளை,
1874 நவம்பர் 29, ஞாயிறு.

காதுப் பக்கம்.

பொழுது படுகிற நேரம் பாலம்மாவை லயத்து வாசலில் விட்டு, ஒரு ரொட்டித் துண்டைக் கீழே வைத்து எடுக்கச் சொல்லிப் பாருங்கோ. தடவினால் அவளுக்கும் இதுதான். அழுகிறபோது கன்னத்தைத் தொட்டுப் பாருங்கோ. துத்தத்தை நிறுத்துங்கோ. நிறுத்தின பிறகு இந்தக் கடிதத்தின் மிச்சத்தை வாசியுங்கோ.

உங்கள் தமையனார் நேற்று வந்தார். வேலிப் படலைக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வந்தால் இந்த வீட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டி வரும் என்று பயம்.

"பிள்ளையைக் கொண்டா. வெயில் ஏறுது" என்றார்.

"பிள்ளை வராது அத்தான்."

"தம்பி சொன்னவன்."

"சொன்னவரை வரச் சொல்லுங்கோ."

"பொம்பிளையைப் போடிங்குக்கு அனுப்பினால் உதுதான் வரும்" என்று மாட்டைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு என் முகத்தைப் பார்த்து ஏசிப் பழக்கமில்லை.

ராத்தா முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு வெளியே வந்தா. "நானாக்கு என்ன வேணும்? புள்ளயா? புள்ள தின்டுட்டு ஈக்கிது. தின்டு முடிஞ்சா தூங்கும். தூங்கி எழும்பினா திரும்பத் தின்னும். அது மட்டுக்கும் ஒங்களுக்கு நிக்க ஏலுமா?" என்றா.

அந்த நேரம் பார்த்து ரூத் ஈரல் துண்டோடு வாசலுக்கு வந்தாள். வாயெல்லாம் மிளகு. தமையனார் அவளையும் அவளுடைய கையையும் பார்த்தார். "மாமிசமோ?" ஓம் என்றேன். "இனி நீ எங்கடை வீட்டுப் பெண் இல்லை" என்றார். "அதையும் உங்கள் தம்பியே வந்து சொல்லட்டும்" என்றேன். வண்டியைத் திருப்பினார். திருப்பினவர் கொஞ்சத் தூரம் போய் நிறுத்தி, இறங்கி வந்து, ஓலையில் பின்னின ஒரு பனங்கட்டிக் குட்டானைப் படலையடியில் வைத்துவிட்டுப் போனார். பிள்ளைக்கென்று கொண்டுவந்திருக்கிறார். உங்கள் வீட்டு ஆட்களுக்கு நல்லதைச் செய்தாலும் கோபத்தோடுதான் செய்ய வரும்.

அகப்பை என் கையில்தான் இருந்தது. உங்கள் அம்மாவின் கடிதத்தை அடுப்படியில் செருகிவிட்டு, கீரை ஒரு பிடி போடட்டா என்று நான் கேட்ட நாள் உங்களுக்கு மறந்துபோச்சு. "எங்கடை அம்மா ஆறு பிள்ளை வளர்த்தவ" என்றீர்கள். நான் வாயை மூடினேன். படித்தவள் வாயை மூடினால் நல்ல பெண், திறந்தால் போடிங்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நடந்ததையும் சொல்ல வேணும். ராத்தா இன்னும் விளக்கு ஏற்றவில்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ரூத் முற்றத்தில் கோழிக்குஞ்சு ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடினாள். உரலைச் சுற்றி ஓடினாள், உரலில் முட்டவில்லை. குஞ்சைப் பிடித்தே விட்டாள். நான் ராத்தாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். ராத்தா எனக்கு என்னவோ வந்துவிட்டது என்று தண்ணீர் கொண்டு ஓடி வந்தா.

இது இடது கண். வலது கண்ணின் கருவிழியில் நடுவிலே வெள்ளை விழுந்திருக்கிறது. முந்தி இல்லை. நாளைக்கு மறுபடி கண்டிக்குப் போகிறேன். இதோடு நிறுத்துகிறேன்.

லீதியாள்


தோட்டம்,
1874 டிசம்பர் 7.

லீதியாளுக்கு,

பெட்டியில் இருந்த துத்தம் முடிந்துவிட்டது. புதிதாய்க் கேட்டு எழுதவில்லை. பூளைக் கண்காரருக்குக் கொதித்தாறின தண்ணீரால் கழுவி விடுகிறேன்.

ரொட்டி வைத்துப் பார்த்தேன். தடவினாள்.

மூக்காயியைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு முட்டையும் முருங்கைக் கீரையும் கொடு என்றேன். "நீங்கதானே ஐயா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னீங்க. இப்ப குடுங்கிறீங்க. நாளைக்கு என்னா சொல்வீங்க?" என்றாள். அவள் புருஷன் லெட்சுமணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கொடுக்கிறாளோ இல்லையோ தெரியாது. லயத்துக்குப் போய் அடுப்பை எட்டிப் பார்க்க என்னால் ஏலாது.

துரையிடம் பிள்ளைகளுக்கு மீனெண்ணெய் எடுக்க வேணும் என்று கேட்டேன். "பிள்ளைகளா கோப்பி பறிக்கிறார்கள்?" என்றார். கண் போனால் பிறகும் பறிக்கமாட்டார்கள் என்றேன். இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. மருந்துப் பெட்டித் திறப்பை வாங்கிச் சின்னக் கிளாக்கரிடம் கொடுத்துவிட்டார். அவன் நாளைக்குத் துத்தம் எழுதி எடுப்பான். பெரட்டில் நான் இனிக் கூடைக் கணக்கு மட்டும் பார்க்கிறேன். கங்காணி பொன்னையா மறுபடி சிரிக்கிறான்.

அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லை. மூத்தண்ணை போய்ச் சொல்லியிருப்பார்.

வத்தேகமச் சந்தையில் ஞாயிறுதோறும் ஆட்டீரல் கிடைக்கிறது. ஆள் விட்டு விசாரித்தேன். சமைக்கத் தனிச் சட்டி ஒன்று வாங்கலாம். வீட்டுக்கு வாரும்.

கண்டிக்குப் போனதைப் பற்றி நீர் எழுதவில்லை. டாக்டர் என்ன சொன்னார்? வியாழக்கிழமை மாட்டோடு உம்முடைய ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் மட்டும்தான் வந்தது. மஹ்மூத்தைக் கேட்டேன். "தங்கச்சி எழுதும்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டான். எழுதும்.

மயில்வாகனம்


மடவளை,
1874 டிசம்பர் 14, திங்கள்.

மயில்வாகனம் அவர்களுக்கு,

வலது கண் போய்விட்டது.

இரண்டு கிழமை இதை எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். வேறு விதமாய் எழுத வழி இல்லை. கருவிழி மெலிந்து உடைந்து, ஆறி, வெள்ளைத் தழும்பாய் நிற்கிறது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் வந்தால் வெளிச்சம் என்று தெரியும், வேறொன்றும் தெரியாது. இடது கண் நன்றாய் ஈரமாய் இருக்கிறது. அது இனிப் போகாது என்று டாக்டர் சத்தியம் பண்ணாத குறையாய்ச் சொன்னார். ஒரு கிழமை முந்தி வந்திருந்தால் என்று தொடங்கினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை.

எதனால் போனது என்று கேட்டேன். துத்தமா, பத்தியமா, சின்னமுத்தா? யாராலும் பிரித்துச் சொல்ல ஏலாது என்றார். அவருக்குப் பிரிக்கத் தேவையில்லை. எனக்குக் கோபிக்க ஒரு ஆள் வேணும். சின்னமுத்தைக் கோபிக்க ஏலாது. உங்கள் அம்மா தூரத்தில் இருக்கிறா. அகப்பை பிடித்த கையை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதற்கு உங்கள் உதவி வேண்டாம். மிச்சம் நீங்கள்தான்.

தனிச் சட்டி வாங்கலாமாம். நான் ஒரு பக்கத்துக்குப் பிள்ளையின் கண்ணைப் பற்றி எழுத, நீங்கள் எந்தச் சட்டி தீட்டுப்படும் என்று யோசிக்கிறீர்கள். துரையை எதிர்த்துக் கதைத்ததை வாசித்தபோது, இந்த மனுசன் நவம்பர் மாதம் எங்கே போயிருந்தார் என்றுதான் எனக்கு வந்தது. ஆட்களின் பிள்ளைக்காகக் கதைத்த வாய் சொந்தப் பிள்ளைக்காகத் திறக்கவில்லை. அதை நல்லது என்று சொல்லவும் எனக்கு வரவில்லை, கெட்டது என்று சொல்லவும் வரவில்லை. அதனால் இன்னும் கூடக் கோபம் வருகிறது.

இப்போது நான் தோட்டத்துக்கு வரமாட்டேன். உங்களுக்கு லீவு இல்லை என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை என்பதும் தெரியும். ஈரலுக்காக வத்தேகம மட்டுக்கும் ஆள் விட்டவர், அதே றோட்டில் இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தால் மடவளை.

வந்தால் வலப்பக்கத்தால் வர வேண்டாம். அந்தப் பக்கம் யாராவது கதைத்தால் திடுக்கிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடுகிறாள். தலையைத் தொட வேண்டாம். இடப்பக்கம், கொஞ்சம் தள்ளிக் குந்தியிருங்கோ. கூப்பிட வேண்டாம். அவளாய்த் திரும்பிப் பார்ப்பாள். யாரென்று பார்த்து முடிக்க அவளுக்கு நேரமெடுக்கும், அது மட்டுக்கும் இருங்கோ. இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் அடுப்படியில் இருப்பேன். உங்களோடு கதைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

சின்னக் கிளாக்கர் துத்தம் எடுப்பான் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் அம்மாவுக்குத் தாவிவிட்டீர்கள். அவன் அதை எடுத்து வந்தால் யாருடைய கண்ணில் விடுவான் என்று நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். பாலம்மாவின் கண்ணில் விடுவான். அவளுடைய இரண்டு கண்ணிலும் இன்னும் வெள்ளை விழுந்திருக்காது. லயத்துக்குப் போய் அடுப்பைப் பார்க்க ஏலாதாம். போங்கோ. கிளாக்கர் என்று வாசலில் நிற்காமல் உள்ளே போங்கோ. மூக்காயி ஏசினால் நின்று கேளுங்கோ, அவளுக்கு ஏச உரிமை இருக்கிறது. பிறகு பிள்ளையைக் கேட்டு வாங்குங்கோ. தாய் தனியே விடமாட்டாள் என்றால் தாயையும் கூட்டி வாங்கோ. ராத்தாவுக்குச் சொல்லிவிட்டேன், "ரெண்டு புள்ளக்கி ஒரே ஈரல்தானே" என்றா. ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை ரூத்தோடு பாலம்மாவையும் டாக்டரிடம் கொண்டுபோவேன். அவர் மறுபடி ஏசட்டும்.

பாலம்மாவை நீங்களே தூக்கி வர வேணும், ஆளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நான் பாதையைப் பார்ப்பேன். நீங்கள் வெறுங்கையோடு வந்தால் படலை திறக்கமாட்டேன்.

லீதியாள்